‘பரவாயில்லை’ சொல்லாத கருவி

அத்தியாயம் 11

ஜனவரி 18, சனிக்கிழமை. வடக்கு டக்கோட்டா மாநிலம், ஹால்வர். மாலையில் உறைமழை தொடங்கும் என்றும், கம்பிகள் அறுந்தால் பண்ணை வீடுகளுக்கு மின்சாரம் திரும்ப இரண்டு நாள் ஆகலாம் என்றும் மின் கூட்டுறவுச் சங்கம் காலைச் செய்தியில் அறிவித்தது.

அடுத்து வானொலி, ரத்தானவற்றைப் படித்தது. லூத்தரன் தேவாலயத்து மீன் விருந்து ரத்து. பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து ரத்து. முதியோர் சீட்டாட்டம் ரத்து.

“சீட்டாட்டத்தையுமா?” என்றார் ஆர்டிஸ். “அப்ப நிஜமாவே பெய்யும்.”

அவர் மூக்கிலிருந்து இறங்கிய மெல்லிய குழாய் சமையலறைத் தரையில் நெளிந்து கூடத்துக்குப் போனது. அங்கே ஆக்சிஜன் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. நாற்பது அறுவடைகளின் தானியத் தூசியை இழுத்த நுரையீரல் அவருடையது. சென்ற ஆண்டிலிருந்து அந்த இயந்திரம் நின்றால் அவர் மூச்சும் தடுமாறும்.

போன வாரம் இதே மேசையில் நடந்த பேச்சு நினைவிருக்கும். ஹூஸ்டனிலிருந்து வந்திருக்கும் மகள் சோல்வெய்க், அம்மா ஆர்டிஸை ஹால்வர் முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டும் என்றாள். அங்கே ஒரு படுக்கை காலியாக இருந்தது. சனிக்கிழமை மாலைவரை வைத்திருப்பார்கள். ஓர் இரவுக்கு மட்டும் தர மாட்டார்கள், சேர்ந்தால் சேர்ந்ததுதான். அப்பா வெர்லின் முடியாது என்றார். ட்ராக்டரில் மாட்டி ஓட்டும் ஜெனரேட்டரை, மற்ற பண்ணைச் சாமான்களோடு சேர்த்து அறுவடை முடிந்ததும் ஏலத்தில் விட்டவரும் அவரேதான்.

“கீழ நாலு பேட்டரி இருக்கு. ஒரு ராத்திரி தாங்கும். காலைல ஐஸைக் கரைக்க உப்புத் தூவற லாரி வந்துடும், ரோடு திறந்துடும், கரண்ட் வரலன்னா அப்ப வேற வழி பாத்துக்கலாம்” என்றார் அன்று.

“தாங்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பரவாயில்லாம இருக்கு.”

வெர்லின் ஹாக்டலிடம் எதைக் கேட்டாலும் அதுதான் பதில். ஆலங்கட்டி மழையில் கோதுமை முழுவதும் படுத்த வருடம் வங்கிக்காரர் விசாரித்தபோதும் பரவாயில்லை என்றுதான் சொன்னார்.

கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. பேட்டரிகளைச் சோதித்துப் பார்ப்பது. ஓர் இரவு தாங்கும் என்று தெரிந்தால் ஆர்டிஸ் வீட்டிலேயே இருப்பார். சோல்வெய்க் வாயை மூடிக்கொண்டு ஊர் திரும்புவாள். தாங்காது என்றால் சனிக்கிழமை மாலை அந்தப் படுக்கை.

ஆர்டிஸை யாரும் கேட்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

*

அடித்தளத்தில், வீட்டைச் சூடாக்கும் உலைக்குப் பக்கத்தில், மரப்பலகை மேல் நான்கு பேட்டரிகள் கனமாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் மூன்று மூடிகள், ஒவ்வொரு மூடிக்கும் கீழே ஓர் அறை, அறைக்குள் அமிலம். வெர்லின் இரவெல்லாம் சார்ஜ் ஏற்றியிருந்தார். இப்போது சார்ஜரின் கிளிப்பைக் கழற்றிவிட்டு, பழைய வோல்ட்மீட்டரின் இரண்டு முனைகளையும் முதல் பேட்டரி மேல் வைத்தார்.

“ஆறு புள்ளி நாலு” என்று படித்தாள் சோல்வெய்க். “இது நல்லதா?”

“பரவாயில்ல.”

“அப்பா.”

“நல்லது.”

இரண்டாவதும் அப்படியே. வெளியே ஒரு பிக்கப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. வெர்லின் மீட்டரை மகளிடம் கொடுத்துவிட்டு மேலே போனார்.

வந்தது பக்கத்துப் பண்ணை டெல்மர். பூட்ஸ் கழற்றும் முன்னறையில், பூட்ஸைக் கழற்றாமல் பாய்மேல் நின்றார். வண்டியின் பின்னால் கயிறு கட்டிய ஜெனரேட்டர் ஜன்னல் வழியே தெரிந்தது.

“மழை வரும்ங்கறான்” என்றார் டெல்மர்.

“ஆமாங்கறான்.”

“காத்தும் இருக்கும்.”

“இருக்கும்.”

இருவரும் சற்று நேரம் ஜன்னலைப் பார்த்தார்கள்.

“இது என்கிட்ட சும்மாதான் கெடக்கு” என்றார் டெல்மர். “இங்க இறக்கிட்டுப் போகட்டுமா?”

“சே, எதுக்கு. உனக்கு வேண்டியிருக்கும்.”

இந்த வட்டாரத்தில் எதையும் முதல் முறையே வாங்கிக்கொள்வதில்லை. இரண்டாம் முறையும் இல்லை. காபியானாலும் கடன் வாங்கும் ஏணியானாலும், மூன்றாம் முறை கேட்டால்தான் மனதாரக் கேட்டதாக அர்த்தம், அப்போது வாங்கிக்கொள்ளலாம்.

டெல்மர் ஆர்டிஸுக்கு வணக்கம் சொன்னார். கோப்பையில் பாதி காபி குடித்தார். தன் மனைவி இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்டுக் கொடுத்தனுப்பிய ஹாட்டிஷ் பாத்திரத்தை மேசைமேல் வைத்தார். குழாயைப் பார்த்தார், பார்க்காத மாதிரி கூரையைப் பார்த்தார்.

“எனக்கு ஒண்ணும் சிரமம் இல்ல, வெர்லின். ரெண்டு பேரு பிடிச்சா இறக்கிடலாம்.”

“இல்லப்பா. நாங்க சமாளிச்சுக்குவோம்.”

டெல்மர் கையுறையை மாட்டினார். கதவுப் பிடியில் கை வைத்தார். மூன்றாம் முறை எப்போதும் கதவில் கை வைத்துக்கொண்டுதான் கேட்கப்படும். அவர் வாயைத் திறந்தார்.

சோல்வெய்க் படியேறி வந்தாள். கையில் மீட்டர். முகத்தில் ஒரு வாரமாக இல்லாத வெளிச்சம். தான் தோற்றதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

“நாலும் நல்லா இருக்கு. நாலுமே ஆறு புள்ளி நாலு. அட, டெல்மர் மாமா! ஜெனரேட்டரா? ரொம்ப நன்றி, ஆனா எங்களுக்குத் தேவைப்படாது.”

டெல்மர் வெர்லினைப் பார்த்தார். வெர்லின் தரைப்பாயைப் பார்த்தார்.

“அப்ப நல்லதாப் போச்சு” என்றார் டெல்மர். “லைல் கேட்டுட்டிருந்தான். அறுபது மாடு பால் கறக்கணும் அவனுக்கு. அங்க கொண்டு போறேன்.”

லைல் அவர் மச்சான். பண்ணை தெற்கே ஒரு மணி நேரத் தூரம்.

பிக்கப் பாதை முனையில் திரும்பி மறைந்தது.

“அவன் கை கதவுல இருந்துச்சு” என்றார் ஆர்டிஸ்.

“அதனால என்ன?”

“நீ ஹூஸ்டன் போய் ரொம்ப வருஷம் ஆச்சு, கண்ணு.”

சோல்வெய்க்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. முகம் சிவந்தது. “அதான் பேட்டரி நல்லா இருக்கே” என்றாள்.

ஆர்டிஸ் கணவர் பக்கம் திரும்பினார். “சார்ஜர்லேருந்து எடுத்த கையோடவா அளந்த?”

வெர்லின் டெல்மரின் கோப்பையை எடுத்துத் தொட்டியில் வைத்தார்.

“சாப்பிட்டுக் கை கழுவிட்டு வர்றவன்கிட்டப் பசிக்குதான்னு கேட்டா என்ன சொல்வான்? உனக்குத் தெரியாததா, வெர்லின்?” அவர் மூச்சு வாங்க நிறுத்தினார். ஒரு வாக்கியத்துக்கு ஒரு தரம் நிறுத்த வேண்டியிருந்தது. “ஊருக்குப் போ. வேற ஏதாவது வாங்கிட்டு வா. ‘பரவாயில்லை’ன்னு சொல்லாத ஒண்ணாப் பாத்து வாங்கு.”

*

ஹால்வரில் உதிரிபாகக் கடையைச் சீக்கிரம் மூடப்போகிறார்கள் என்பது வாசலிலேயே தெரிந்தது. உப்பு மூட்டைகள் தீர்ந்திருந்தன. ஜெனரேட்டர் நிற்கும் இடத்தில் வெறும் அட்டைப்பெட்டி கிடந்தது.

பேட்டரி சோதிக்கும் கருவிகள் கடைக்கோடியில், ஒரு கம்பி வலையில் தொங்கின. சோல்வெய்க் நேராகத் திரை வைத்த ஒன்றை எடுத்தாள். இரண்டு கிளிப், ஒரு பொத்தான். பேட்டரியின் ஆயுள் இத்தனை சதவீதம் என்று எழுத்திலேயே காட்டும் என்று அட்டையில் போட்டிருந்தது.

“இதான். சந்தேகத்துக்கே இடமில்ல.”

“அது கார் பேட்டரிக்கு” என்றார் வெர்லின். “வண்டியைக் கிளப்ப ஒரு நிமிஷம் பலமா உதைக்குமான்னு பாக்கும். நம்மளுது உதைக்க வேண்டாம். ராத்திரி முழுக்க நடக்கணும்.”

அவள் அடுத்ததை எடுத்தாள். கைப்பிடி வைத்த தகரப் பெட்டி; உள்ளே சூடேறும் சுருள்.

“அதுவும் அப்படித்தான். கொஞ்ச நேரம் பாரம் ஏத்திப் பாக்கும். பன்னண்டு அறைல எது படுத்திருக்குன்னு சொல்லாது.”

“அப்ப எதுதான் சொல்லும்?”

வெர்லின் கம்பி வலையை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைக்காரப் பெண் விளக்குகளை ஒவ்வொரு வரிசையாக அணைக்கத் தொடங்கியிருந்தாள். அவர் குனிந்து, வலையின் அடியில், தூசி படிந்த ஒரு பொட்டலத்தை எடுத்தார். ஒரு முனையில் ரப்பர்க் குமிழ், மறுமுனையில் ரப்பர் மூக்கு, நடுவில் கண்ணாடிக் குழல். குழலுக்குள் பச்சை, வெள்ளை, சிவப்புப் பட்டை போட்ட ஒரு மிதவை. அமிலம் உரத்தோடு இருந்தால் மிதவை தூக்கி நிற்கும். உரம் போயிருந்தால் அமுங்கும். அவ்வளவுதான் கருவி. கடையில் இதைவிட மலிவாக எதுவும் தொங்கவில்லை.

“இதுவா?” என்றாள் சோல்வெய்க். “இது விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கு.”

“எங்கிட்ட ஒண்ணு இருந்துச்சு.”

“என்னாச்சு?”

“ஒடஞ்சு போச்சு.”

“எப்ப?”

“அம்மாவுக்கு மிஷின் வந்தப்ப.”

“அப்புறம் ஏன் வாங்கல?”

அவர் பொட்டலத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தார். படிக்க அங்கே எதுவும் இல்லை. சோல்வெய்க் மறுபடி கேட்கவில்லை. கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று அவளுக்குப் பட்டது. வோல்ட்மீட்டரைக் கேட்டால் நல்லதாகச் சொல்லும். அதையே கேட்டுக்கொண்டிருக்கலாம்.

“பேட்டரி ஏதாவது இருக்கா? ஆறு வோல்ட், கோல்ஃப் வண்டிக்குப் போடறது?” என்று கல்லாவில் கேட்டாள்.

“செவ்வாய்க்கிழமை வரும்” என்றாள் கடைக்காரப் பெண். “கண்ணாடியைப் பத்திரமா எடுத்துட்டுப் போங்க. இதுதான் கடைசி.”

*

வீடு வந்து, சற்று நேரம் பேட்டரிகளை ஆறவிட்டார் வெர்லின். பிறகு கைவிளக்கை மகளிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார்.

முதல் மூடியைத் திறந்து, ரப்பர் மூக்கை இறக்கி, குமிழை அமுக்கி விட்டார். குழலில் அமிலம் ஏறியது. மிதவை துள்ளி எழுந்து பச்சையில் நின்றது. அமிலத்தைத் திரும்ப விட்டார். அடுத்த மூடி. பச்சை. அடுத்தது. பச்சை.

சோல்வெய்க் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொன்னாள். இரண்டாவது பேட்டரியிலும் பச்சை, பச்சை. மேலே கூடத்தில் இயந்திரத்தின் உறுமல் தரை வழியே கேட்டது.

இரண்டாவது பேட்டரியின் மூன்றாவது அறை.

அமிலம் ஏறியது. மிதவை அசையவில்லை. குழலின் அடியிலேயே சாய்ந்து கிடந்தது.

“ஒட்டிக்கிச்சா?” என்றாள் அவள்.

வெர்லின் குழலை விரலால் தட்டினார். மிதவை லேசாக எழுந்து, சிவப்புப் பட்டைவரை அமிலத்தில் மூழ்கி, நின்றது. அவர் அமிலத்தைத் திரும்ப விட்டு மறுபடி எடுத்தார். அதே இடம். கருவியைத் துடைத்துவிட்டு, பச்சை காட்டிய பக்கத்து அறையில் எடுத்துப் பார்த்தார். பச்சை. திரும்பவும் மூன்றாவது அறை. சிவப்பு.

மீதிப் பேட்டரிகளையும் பார்த்தார்கள். எல்லாம் பச்சை.

“பன்னண்டுல ஒண்ணுதானே, அப்பா?”

“ஒண்ணு படுத்தா அது மத்ததையும் இழுத்துட்டுப் படுக்கும்.”

“அந்த ஒண்ணை மட்டும் கழட்ட முடியாதா?”

“ரெண்டு ரெண்டாத்தான் கோத்திருக்கு, அந்தப் பேட்டரியைக் கழட்டினா அதோட ஜோடியும் போகும். மிச்சம் ரெண்டு. பாதி ராத்திரி ஓடும்.”

“சிலிண்டர்?”

“ஒண்ணு இருக்கு. மூணு நாலு மணி நேரம். விடியறதுக்கு முன்னாடி தீந்துடும்.”

சோல்வெய்க் விளக்கை அணைத்தாள். பிறகு அதை ஏன் அணைத்தோம் என்று தெரியாமல் மறுபடி போட்டாள். “டெல்மருக்கு போன் பண்ணுங்க.”

“அவன் லைல் வீட்டுக்குப் போயிட்டான்.”

“அதனாலதான் போன் பண்ணச் சொல்றேன்.”

*

வெர்லின் சமையலறைச் சுவர் போனில் டெல்மரின் கைபேசி எண்ணைச் சுழற்றினார். ஆர்டிஸ் நாற்காலியில் இருந்தார். சோல்வெய்க் அவருக்குப் பின்னால் நின்றாள். போனுக்குள் பேசுவது அறை முழுக்கக் கேட்டது. டெல்மருக்குக் காது மந்தம், கத்தித்தான் பேசுவார்.

“டெல்மர். வெர்லின் பேசறேன்.”

“என்னப்பா?”

“ஒண்ணுமில்ல. அங்க எப்படி, மழை ஆரம்பிச்சுடுச்சா?”

“ஆரம்பிச்சுடுச்சு. ரோடு கண்ணாடி மாதிரி ஆயிட்டிருக்கு. உங்க பக்கம்?”

“இன்னும் இல்ல.”

“நல்லவேளை உனக்கு ஜெனரேட்டர் தேவைப்படல, வெர்லின். இங்க லைல் மூஞ்சியைப் பாக்கணும் நீ. அறுபது மாட்டுக்கும் மடி வெடிச்சுடும்னு நேத்திலேருந்து தூங்கல அவன். இப்பதான் மாட்டி ஓட்டிப் பாத்தோம்.”

“நல்லது.”

“ஆர்டிஸ் எப்படி இருக்கா?”

சோல்வெய்க் வாயசைத்தாள். சொல்லுங்க. வெர்லின் போனை மறு காதுக்கு மாற்றினார்.

“பரவாயில்ல” என்றார்.

“நீ சும்மாதான் பண்ணியா?”

“சும்மாதான். ரோடு எப்படி இருக்குன்னு கேக்கலாம்னு. நீ இன்னிக்குத் திரும்பாத. அங்கயே இரு.”

போனை வைத்தார். வைத்த பிறகும் கையை அதன்மேல் வைத்திருந்தார்.

“நீங்க கேக்கவே இல்ல” என்றாள் சோல்வெய்க். குரல் உயரவில்லை. “ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை, அப்பா.”

“கேட்டா கொண்டு வருவான்” என்றார் வெர்லின். “கண்ணாடி மாதிரி ரோட்டுல, அதை ஏத்திட்டு.”

அது உண்மைதான். டெல்மர் வருவார். அதனால் அவரிடம் கேட்க முடியாது. காலையில் கேட்டபோது வாங்கிக்கொண்டிருந்தால் மாடுகளுக்கு லைல் வேறு யாரையாவது பார்த்திருப்பார். சோல்வெய்க் இந்த இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்தாள். எந்தப் பக்கம் போனாலும் படியேறி வந்த தன் காலடியில் வந்து முடிந்தது.

வெர்லின் மேசையிலிருந்து, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் சிறு கருவியை எடுத்து மனைவியின் விரலில் மாட்டினார். என்ன செய்வதென்று தெரியாத போதெல்லாம் அதைத்தான் செய்வார். எண் எண்பத்தேழு என்று காட்டியது.

“நீ இதை மாட்டி மாட்டிப் பாத்தா அது ஏறிடுமா?” என்றார் ஆர்டிஸ்.

“ஏறாது.”

“கீழ என்ன காட்டிச்சு?”

“எல்லாம் பச்சை. ஒண்ணு சிவப்பு.”

“எத்தனையாவது?”

“எத்தனையாவதா இருந்தா என்ன, ஆர்டிஸ்?”

“சரிதான்.” அவர் விரலிலிருந்து கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “சோல்வெய்க், அந்த இல்லத்துக்காரங்களுக்குப் போன் பண்ணு. அந்தப் படுக்கை இன்னும் இருக்கான்னு கேளு. இருந்தா நான் வரேன்னு சொல்லு.”

“அம்மா, நீ வேண்டாம்னு சொன்னா நாங்க…”

“நான் எப்ப வேண்டாம்னு சொன்னேன்? உங்கப்பா சொன்னாரு. வேணும்னு நீ சொன்ன.” மூச்சு. “மழைக்கு முன்னாடி போகணும். என் நீல ஸ்வெட்டரை எடு. அந்த ஹாட்டிஷை ஃப்ரிட்ஜுல வை, கெட்டுப் போயிடும்.”

வெர்லின் ஸ்வெட்டரைத் தானே எடுத்து வந்தார். பொத்தானைப் போடுவதற்குக் குனிந்தார். ஒரு பொத்தான் மாறிப் போய்விட்டது. இருவருமே அதைக் கவனித்தார்கள். இருவருமே சரிசெய்யவில்லை.

சிலிண்டர் பின் இருக்கையில் ஆர்டிஸோடு போனது. சோல்வெய்க் ஓட்டினாள். வெர்லின் வரவில்லை, உலையை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும், குழாய் உறைந்துவிடும் என்றார். கார் பாதை முனையைத் தாண்டியபோது முதல் துளிகள் ஜன்னலில் விழுந்து அங்கேயே உறைந்தன.

உள்ளே வந்து கூடத்து இயந்திரத்தை அணைத்தார். வீட்டில் இவ்வளவு நாளாக இருந்த சத்தம் எவ்வளவு பெரிது என்பது அப்போதுதான் தெரிந்தது.

*

அன்று இரவு ஹால்வர் வட்டாரத்தில் எந்த வீட்டிலும் மின்சாரம் நிற்கவில்லை. தெற்கே, லைலின் பண்ணைப் பக்கமும் நிற்கவில்லை. கம்பிகளில் விரல் பருமனுக்குப் பனிக்கட்டி ஏறியது, ஆனால் அவற்றை அறுக்கும் காற்று வரவில்லை.

ஞாயிறு காலை வெர்லின் முதியோர் இல்லத்துக்குப் போன் செய்தார். ஒன்பதாம் அறைக்கு இணைப்புக் கொடுத்தார்கள்.

“தூங்கினியா?” என்றார்.

“தூங்கினேன்.”

“பரவாயில்லையா?”

“இல்ல, வெர்லின். நல்லாத் தூங்கினேன்” என்றார் ஆர்டிஸ். “ரொம்ப நாள் கழிச்சு. மிஷின் நின்னுடுமோன்னு யாரும் எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்கல.”

எப்போது வந்து கூட்டிப் போகிறாய் என்று அவர் கேட்பார் என வெர்லின் காத்திருந்தார். அவர் கேட்கவில்லை. சோல்வெய்க் காபி வாங்கி வந்திருக்கிறாள், ஆறிவிடும் என்று சொல்லிப் போனை வைத்தார்.

உப்பு லாரி போன சற்று நேரத்தில் பிக்கப் வந்து நின்றது. டெல்மர் முன்னறையில், பூட்ஸைக் கழற்றாமல், பாய்மேல் நின்றார். மேசைப் பக்கம் பார்த்தார். நாற்காலி காலியாக இருந்தது. வழியில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். அவர் எதுவும் விசாரிக்கவில்லை.

“கரண்ட் போகவே இல்ல” என்றார்.

“போகல.”

இருவரும் ஜன்னலைப் பார்த்தார்கள். டெல்மர் கதவுப் பிடியில் கை வைத்தார்.

“ஜெனரேட்டரை இங்க இறக்கிட்டுப் போகட்டுமா, வெர்லின்?”

“இறக்கு” என்றார் வெர்லின்.

இரண்டு பேருமாகப் பிடித்து அதை இறக்கி, கொட்டகையோரம் வைத்தார்கள். ஓடுகிறதா என்று டெல்மர் கயிற்றை இழுத்துப் பார்த்தார். முதல் இழுப்பிலேயே ஓடியது.